தொத்தோரிக்குச் சொன்ன வாங்க

முதலில் அநியாயம் செய்தது லிங்கத்துரைதான். இதை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் வெள்ளாட்டுவிளையில் பிறகு நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஜப்பான் மாகாணம் ஒன்று எழுந்து வந்ததைப் பற்றியும், முருங்கைத் தோப்புக்குப் பக்கத்தில் ஒட்டகம் படுத்ததைப் பற்றியுமே பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். தங்கப்பழத்துக்கு வரவேண்டியது அப்படியே நிற்கிறது.

உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரியின் அடிவாரத்தில் இருக்கிறது வெள்ளாட்டுவிளை. அங்கே லிங்கத்துரை மாடிவீடு கட்டிப் பால் காய்ச்சினான். தங்கப்பழம் அவனுடைய அக்காள் பூங்கனியைக் கட்டியவர், அந்த வீட்டு மாப்பிள்ளை, வாசலில் முதல் மரியாதைக்கு உரியவர். புது வேட்டி உடுத்து, சீராகக் கொடுக்கவேண்டிய பித்தளைப் பானையை இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். லிங்கத்துரை அங்கே நின்று வருகிறவர்களை எல்லாம் அழைத்துக்கொண்டிருந்தான். உப்பளத்து முதலாளிக்கு வாங்க, சைக்கிள் கடைக்காரருக்கு வாங்க, தங்கப்பழத்துக்குப் பின்னால் பந்தல் கூலி கேட்டு வந்தவனுக்குக்கூட வாங்க. தங்கப்பழத்தின்மேல் அவன் கண் பட்டது, பட்டபடியே தாண்டிப் போயிற்று. உள்ளே பால் பொங்கி வழிந்து, குலவைச் சத்தம் கேட்டு, பந்தியில் இலை போடுகிறவரை தங்கப்பழம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். பிறகு பானையை வாசல் தூணோரம் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஊருக்குள் மின்கம்பம் ஊன்றிய வருஷம் அது. அன்றைக்கு எடுத்த வைராக்கியம், தனக்கு வரவேண்டிய அந்த ஒரு சொல் வந்து சேர்கிறவரை அதே சொல்லைத் தானும் ஒருவருக்கும் சொல்வதில்லை என்பது. வீட்டுக்கு ஆள் வந்தால் கட்டிலில் ஒதுங்கி இடம் கொடுப்பார், நாற்காலியைத் துண்டால் தட்டிவிடுவார், வாயை மட்டும் திறக்கமாட்டார். பூங்கனி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "வாங்க வாங்க, அவருக்குத் தொண்டை கட்டிக் கெடக்கு" என்பாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அவளே சொன்னாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட தங்கப்பழத்துக்கு எதையும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லை. அதனாலேயே எதுவும் அழிந்துபோகவும் இல்லை.

அப்படிப் பல வருஷம் போனபிறகு ஓர் ஆடி மாதம், தேரி மணலை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்த காற்று, காலைக் காப்பி நேரத்தில் சட்டென்று நின்றது. மணல் அடங்கியதும் பார்த்தால், தேரிக்கு அந்தப் பக்கம், கடலுக்கு இந்தப் பக்கம், இதுவரை பனைமரம் மட்டும் நின்ற வெளியில் ஒரு மாகாணம் நின்றுகொண்டிருந்தது. கோதுமை ரவை நிறத்தில் ஒரு பெரிய மணல்மலை, அதன் மடியில் சின்னக் குளம், அதற்குப் பின்னால் தன்னுடைய சொந்தக் கடல், பக்கவாட்டில் பேரிக்காய்த் தோட்டங்கள், வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிளம்பும் ஆவி, எல்லாவற்றுக்கும் மேற்கே தலையில் பனி வைத்த தாய்சென் என்கிற மலை. இத்தனையும் அவ்வளவு இடத்தில் எப்படி அடங்கிற்று என்று கேட்டால், நெருக்கடியான பஸ்ஸில் ஒரு தடித்த ஆள் மூன்றுபேர் சீட்டில் நாலாவதாகத் தோளைக் குறுக்கி உட்காருவான் இல்லையா, அந்த மாதிரி அடங்கியிருந்தது.

அது தொத்தோரி. ஜப்பானில் உள்ள மாகாணங்களிலேயே ஆள் குறைந்தது. இது பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு ஊருக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்பதுதான், அதனால் யாரும் பயப்படவில்லை. யாருடைய விருந்தாளி என்பதில்தான் குழப்பம். ஊராட்சித் தலைவர் அருணாசலக்கனி வாயில் குச்சியோடு வந்து பார்த்துவிட்டு, "கடல் வழியா வந்திருக்கு, அப்போ மணப்பாட்டுக்காரங்க ஆளுதான். அவுக கூப்பிடட்டும்" என்று போய்விட்டார். மணப்பாட்டிலிருந்து மீன் கூடையோடு வந்தவர்களோ, "மணலைத் தேடி மணல் வந்திருக்கு, ஒங்க ஊருக்குத்தான்" என்றார்கள். உடன்குடியில், கருப்பட்டி வாங்க வந்த கூட்டமாக இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். உரியவன் சொல்லாமல் அடுத்தவன் முந்திக்கொண்டு வாங்க சொன்னால் அது உரியவனை அவமதிப்பது போல ஆகிவிடும் என்பதால், மரியாதை தெரிந்த மூன்று ஊரும் வாயை மூடிக்கொண்டு இருந்தன.

தொத்தோரி நின்றது. அழைக்காமல் உள்ளே வருகிற வழக்கம் அதற்கும் இல்லை. அதன் கடலில் எழும்பிய அலை விழாமல் எழும்பியபடி நின்றது. அதன் மணலில் சவாரிக்கு வைத்திருக்கும் ஒட்டகங்கள் ஒரு முழங்காலை மடக்கி, மற்றதை மடக்காமல் நின்றன. அது கூட்டிவந்த மழை, கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி அந்தரத்தில் தொங்கியது. மணல்மலையின் முகட்டில் அதன் ஜனங்கள் வரிசையாக இடுப்பு வளையக் குனிந்து நின்றார்கள். பதில் வணக்கம் வராததால் நிமிரவில்லை.

ஊர் தன் வேலையைப் பார்த்தது. ஆடுகள் மட்டும் போய் அந்த மணலை முகர்ந்துவிட்டு வந்தன. "இடுப்பு என்னத்துக்கு ஆகும், பாவம்" என்று பூங்கனி தினமும் சொன்னாள். "நீங்களாவது ஒரு வார்த்தை சொன்னா என்ன? நம்ம முருங்கை வெளையை ஒட்டித்தானே நிக்காவ."

"ஒந் தம்பியப் போய்ச் சொல்லச் சொல்லு. அவனுக்குத்தான் ஊர்ப்பட்ட பேருக்குச் சொல்லிப் பழக்கம்."

"அவன் நெஞ்சுவலின்னு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில கெடக்கான்."

தங்கப்பழத்துக்கு அது தெரியாது. முருங்கைக்குப் பூச்சி விழுந்திருக்கிறதா பார்த்துவருகிறேன் என்று எழுந்து போனார்.

தோப்பின் கடைசியில் உடைமுள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். அவர் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டி, முழங்கால் வரை காலணி போட்டு, பூப்போட்ட துணியில் முடிந்த ஒரு பொதியை இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பொதி கனத்ததால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் மாறினாள். எங்கே இறக்கிவைப்பது என்று வேலிக்கல்லோரம் அவள் கண் ஒருமுறை போய்த் திரும்பியது.

தங்கப்பழத்துக்கு அந்த நிற்பு தெரியும். உலகத்திலேயே அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அவள் இப்போது குனிந்து பொதியை இறக்கப்போகிறாள், இறக்கிவிட்டால் திரும்பிப் போய்விடுவாள், போனால் அந்த மலை, குளம், கடல் எல்லாம் கூடவே போகும், போனபிறகு எத்தனை வருஷமானாலும் அவளுக்கு ஆறாது. இதெல்லாம் ஒரு நொடியில் அவர் நெஞ்சுக்குள் ஓடியது. ஓடி முடிவதற்குள் வாய் திறந்துகொண்டது.

"வாங்கம்மா" என்றார். துருப்பிடித்த கிணற்றுக் கப்பி சுற்றினது போல் இருந்தது சத்தம். "வாங்க. எல்லாரும் வாங்க."

அவ்வளவுதான். அங்கே நின்ற அலை தடாலென்று விழுந்தது. ஒட்டகங்கள் மறு முழங்காலையும் மடக்கிப் பெருமூச்சோடு படுத்தன. தொங்கிய மழை தேரிமேல் கொட்டியது. முகட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை வருஷம் தங்கப்பழத்தின் நெஞ்சில் தேங்கிக் கிடந்த வாங்க எல்லாம் மடை திறந்தது போல வர, அவர் வேலிக்கல்லில் உட்கார்ந்து, இறங்கி வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். பேரிக்காய் விவசாயிகளுக்கு, நண்டுப் படகுக்காரர்களுக்கு, வெந்நீர் விடுதிக்காரர்களுக்கு, பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு. வாத்தியார்களுக்குச் சொல்லும்போது மட்டும், மூன்றாம் வகுப்பில் தன்னை வெயிலில் நிறுத்திய வாத்தியாரை நினைத்துக்கொண்டு கொஞ்சம் குரலைக் குறைத்தார். வாங்க என்று சொல்லிவிட்டபிறகு பேசுவதற்குப் பாஷை ஒரு தடையா என்ன, அன்று சாயங்காலமே எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள்.

பொதி சுமந்து வந்தவள் பெயர் கினுயோ. தன் மணல்காட்டில் வெங்காயம்போல ஒருவகைச் சின்ன உள்ளி பயிர் செய்து ஊறுகாய் போடுகிறவள். பொதியில் இருந்தது பேரிக்காய். உருண்டையாக, வெளிர்பச்சையாக, கடித்தால் நீர் தெறிக்கிற சாதி. பூங்கனி கடித்துவிட்டு, "எக்கா, இவ்வளவு தண்ணிய இதுக்குள்ள யாரு ஊத்தினா?" என்று கேட்டாள். மரத்திலேயே ஒவ்வொரு காய்க்கும் காகிதப் பை மாட்டி வளர்ப்பார்கள் என்று கினுயோ சொன்னதும், "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கே நாலு வயசு வரைக்கும் சட்டை கெடையாது, இவ காய்க்குச் சட்டை போடுதா" என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள்.

எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார் தங்கப்பழம்.

"எங்க ஊருக்கு ஆளுக வர்றது கொறைவு அண்ணாச்சி" என்றாள் கினுயோ. "ரயில்ல ஏறுறவுக பெரிய ஊர்களுக்குப் போயிருதாவ. வரலியேன்னு எத்தனை நாளு கோவப்பட்டு உக்காந்திருக்க? சரி, நாமளே போவோம்னு கெளம்பிட்டோம்."

கோபப்பட்டு உட்காருவதில் என்ன தப்பு என்று தங்கப்பழத்துக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவளைப் பிடித்துப்போயிற்று.

ஊர் தொத்தோரியைத் தன் வழிக்குப் பழக்கிக்கொண்டது. மினிபஸ் மணல்மேடு வரை போயிற்று. "தொத்தோரி எறங்கு, குளம் எறங்கு" என்று நடத்துனர் கத்தினார். நூறுநாள் வேலைப் பெண்கள் துடைப்பத்தோடு போய், காற்று மணலில் கோலம்போல வரைந்துவைத்திருந்த வரிவரியான அலைகளை விருந்தாளி வீட்டு முற்றம் ஆயிற்றே என்று ஒரே காலையில் சுத்தமாகப் பெருக்கிவிட்டார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே ஆள் வருவார்கள் என்று தொத்தோரிக்காரர்கள் சொல்லத் தயங்கி, குனிந்து நன்றி சொல்லிவிட்டு, காற்று மறுபடி வரையட்டும் என்று காத்திருந்தார்கள். செங்குத்துப் பாறையின் குடைவில், ஒரு துறவி மந்திரத்தால் வீசி எறிந்ததாகச் சொல்லப்படும் மரக்கோயிலைப் பார்த்த சுடலைமாடன் கோயில் பூசாரி, "நம்ம சாமி சுடுகாட்டுல நிக்கும், அவுக சாமி மலையில தொத்திக்கிட்டு நிக்கும். எடம் அததோட பிரியம்" என்று திருநீறு பூசிவிட்டு வந்தார். கடல்மீன்களை ஏமாற்றி வரிசையில் நிற்கவைத்து, அவற்றின் முதுகுமேல் தாவி வந்து, கடைசியில் அகப்பட்டுத் தோலைப் பறிகொடுத்த முயல் ஒன்று அவர்கள் பழங்கதையில் இருந்தது. அது ஒருநாள் வெற்றுச் சதையோடு முருங்கைத் தோப்புக்குள் வந்துவிட்டது. பூங்கனி நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, "ஏமாத்துனா இப்படித்தான்" என்று திட்டிக்கொண்டே பருத்திப் பஞ்சில் புரட்டிவிட்டாள். முயலுக்கு ரோமம் முளைத்தது.

ஆவணியில் சுடலைமாடன் கோயில் கொடைவிழா வந்தது. தொத்தோரிக்காரர்கள் சலங்கை கட்டிய காகிதக் குடைகளைச் சுழற்றி மேளத்துக்கு இசைவாக ஆடினார்கள். வில்லுப்பாட்டுக்காரர் குடைச் சலங்கைக்காகப் பாட்டையே கொஞ்சம் நீட்டினார். சாப்பாட்டு நேரத்தில்தான், பந்திக்கு வெளியே வேறொரு கூட்டம் நிற்பதைத் தங்கப்பழம் பார்த்தார். எலும்பும் தோலுமாக, கிழிந்த கவசங்களோடு, வெயில் ஊடுருவிப் போகிற உடம்புகளோடு ஆண்களும் பெண்களும் நின்றார்கள்.

"அவுக யாரு?"

கினுயோ குரலைத் தாழ்த்தினாள். "எங்க கோட்டைக்காரங்க. நானூறு வருஷத்துக்கு மேல இருக்கும். எதிரி வாரதுக்கு முன்னாலயே ஆள விட்டு, கூடுதல் விலை கொடுத்து நாட்டுல உள்ள அரிசிய எல்லாம் வாங்கிட்டான். பெறகு வந்து கோட்டைய வளைச்சுக்கிட்டு, சும்மா உக்காந்தான். புல்லு, மரப்பட்டை எல்லாம் தின்னு பாத்தாவ. பசியிலயே போயிட்டாவ. நாங்க எங்க போனாலும் பின்னாலயே வருவாவ. பந்தியில உக்கார மாட்டாவ."

"ஒருத்தரும் சொல்லலேன்னா எப்படி உக்காருவாவ?" என்று எழுந்தார் தங்கப்பழம். பசியோடு நிற்பவர்களை வாசலில் நிறுத்துவது அவருக்கு ஆகாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்து வாங்க சொன்னார். அவர்கள் தயங்கித் தயங்கி இலைமுன் உட்கார்ந்தார்கள். சோற்றுவாளி வந்தபோது பூங்கனி குறுக்கே பாய்ந்தாள். "ஏ, நில்லுங்க! காஞ்ச வயித்துல எடுத்ததும் சோறு போட்டா ஆளு போயிரும். மொதல்ல கஞ்சித்தண்ணி. உப்புப் போட்டு." சொன்னபடி கஞ்சித்தண்ணி ஊற்றினார்கள், பிறகு குழைந்த சோறு, பிறகு பருப்பு, கடைசியில் பாயசம். சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்தபோது அவர்கள் உடம்பினூடே வெயில் தெரியவில்லை, மற்றவர்களைப்போல நிழல் விழுந்தது. ஊர்ப் பெண்கள் அதற்கு ஆச்சரியப்படவில்லை. சாப்பிட்டால் உடம்பு தேறத்தானே செய்யும்.

அன்று சாயங்காலம் குதிரை முதுகு என்று அவர்கள் அழைக்கும் மணல் முகட்டில் தங்கப்பழமும் கினுயோவும் உட்கார்ந்து உள்ளி ஊறுகாய் கடித்துக்கொண்டிருந்தார்கள். லிங்கத்துரை கதையை அவர் முழுசாகச் சொன்னார். வழக்கமாக இதைக் கேட்பவர்கள் பாதியிலேயே, விட்டுத்தள்ளுங்க என்பார்கள். கினுயோ கடைசிவரை கேட்டாள்.

"எனக்கும் ஒருத்தி தரணும்" என்றாள். "எங்க அண்ணன் பொண்டாட்டி. எங் கல்யாணத்துல எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினா. எங் கோப்பையத் தாண்டிப் போயிட்டா."

"கண்ணு பாத்துச்சா?"

"பாத்துச்சு."

"பாத்துட்டுத் தாண்டிச்சா?"

"பாத்துட்டுத்தான்."

தங்கப்பழம் தொடையைத் தட்டினார். இத்தனை தூரம் கடல் தாண்டி ஒரு சொந்தக்காரி கிடைத்த மாதிரி இருந்தது. "பெறகு? ஊத்தினாளா?"

"செத்துப்போயிட்டா."

"அப்போ?"

"அப்போ என்ன, இன்னும் தரணும்" என்றாள் கினுயோ. "அவ சமாதிக்கு வருஷா வருஷம் போவேன். தண்ணி ஊத்திக் கழுவுவேன். ஒரு கோப்பையும் எடுத்துட்டுத்தான் போவேன். காலிக் கோப்பையாவே திரும்பக் கொண்டுட்டு வருவேன்."

தங்கப்பழம் ஊறுகாயை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரி அவர் நினைவில் வந்து போயிற்று.

ஐப்பசியில் கினுயோவின் உள்ளிக்காடு முழுக்க ஊதாப் பூ பூத்தது. காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. அது திரும்பினால் தொத்தோரி கிளம்பவேண்டும். கிளம்புவதற்கு முன்னால் ஊருக்கெல்லாம் நண்டு விருந்து வைத்தது. அழைக்கக் கற்றுக்கொண்ட தொத்தோரிக்காரர்கள் மணலடியில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும், குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும்கூட, வாங்க வாங்க என்று சொல்லி மேலே ஏற்றிவிட்டார்கள்.

கடைசியில் லிங்கத்துரை வந்தான். மனைவி போய்ச் சேர்ந்து, மகன் அபுதாபியில் இருக்க, மாடிவீட்டில் தனியாக இருக்கிறவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பில் சட்டை தொளதொளத்தது. அவன் மணலடிக்கு வந்து நின்றதும் பேச்சு நின்றது. கினுயோ மூலமாகக் கதை மாகாணம் முழுக்கப் போயிருந்தது. தங்கப்பழத்துக்குச் சொல்லாதவனுக்குத் தாங்கள் முந்திக்கொண்டு சொல்வது அவரை அவமதிப்பதாகும் என்று ஒரு மாகாணமே வாயை மூடிக்கொண்டது. லிங்கத்துரை ஏறப் பார்த்தான். வைத்த கால் சரிந்து பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி வைத்தான், மறுபடி சரிந்தது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான்.

முகட்டில் இருந்த தங்கப்பழம் பார்த்தார். அலை எழும்பியபடி நின்றுவிட்டது. ஒட்டகங்கள் ஒரு முழங்காலில் எழுந்து நின்றன. எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

"நிக்கட்டும்" என்றார்.

பூங்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். தங்கப்பழம் அவளைப் பார்க்காமல் கினுயோவைப் பார்த்தார். அவள் மடியில் காலிக் கோப்பை ஒன்று இருந்தது. டீ குடித்து முடித்ததாக இருக்கலாம்.

"ஏறி வாரும் மாப்ள" என்றார் தங்கப்பழம். எழுந்து நின்று, இன்னும் உரக்க, "நெஞ்ச அழுத்தாம மெதுவா வாரும்" என்றார்.

அலை விழுந்தது. மாகாணம் முழுக்க வாங்க வாங்க என்று ஆரவாரித்தது. மணல் படிபோல இறுகி நின்று லிங்கத்துரையை மேலே அனுப்பியது. மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன், "அத்தான், அன்னைக்குப் பாலு காய்ச்சும்போது..." என்று ஆரம்பித்தான்.

"காரணம் வேண்டாம். சொல்லவேண்டியதச் சொல்லும்."

"இங்க வச்சுச் சொன்னாச் செல்லுமா? இது என் வீடு இல்லியே. என் வாசல்ல நீங்க வந்து நின்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

தங்கப்பழம் யோசித்தார். அவன் சொன்னது முறைதான். "கூப்பிடாத வீட்டு வாசல்ல நான் எப்படிவே வந்து நிக்க?"

"நிக்காதவருக்கு நான் எப்படிச் சொல்ல?"

அதுவும் முறைதான். இரண்டுபேரும் கடலைப் பார்த்தார்கள். பூங்கனி தலையில் அடித்துக்கொண்டாள். "எக்கா, ஒங்க நாட்டுல இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?"

"இருந்தா நான் கோப்பையத் தூக்கிட்டுத் திரிவனா?" என்றாள் கினுயோ. பிறகு லிங்கத்துரைக்கு ஒரு நண்டுக் காலை உடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் தொத்தோரி கிளம்பியது. போகிறவர்களும் நின்றவர்களும் கண்ணுக்கு மறைகிறவரை கையாட்டினார்கள். அது தொத்தோரிக்காரர்கள் வழக்கம். தாய்சென் மலையின் பனி மணப்பாட்டுக்கு அப்பால் ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது. செந்தேரி நடுவே, தங்கப்பழத்தின் விளைக்கும் லிங்கத்துரையின் விளைக்கும் இடைப்பட்ட எல்லையில், ரவை நிறத்தில் ஒரு சின்ன மணல்மேடு மட்டும் விட்டுப்போயிருந்தது. அதன்மேல் ஒரு ஜாடி ஊறுகாய்.

இப்போது சாயங்காலம் ஆனால் இருவரும் அந்த மேட்டில் உட்காருகிறார்கள். முருங்கை விலை பேசுகிறார்கள். அபுதாபி மகனைத் திட்டுகிறார்கள். அதில் தங்கப்பழத்துக்குத்தான் கோபம் அதிகம். மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறார், போடவில்லை என்றால் கடித்துக் குதறுகிறார். வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து, மாடிவீடு வரைக்கும் துணைக்குப் போகிறார். ஆனால் வாசல் வரை போவதில்லை. தெருமுனை வேப்பமரத்தோடு நின்றுகொள்கிறார்.

லிங்கத்துரை தனியாக நடந்து தன் வாசலில் ஏறுகிறான். தூணோரம் அந்தப் பித்தளைப் பானை, வைத்த இடத்திலேயே இருக்கிறது. கொண்டுவந்தவர் உள்ளே வராமல் சீரை மட்டும் உள்ளே எடுப்பது முறையில்லை என்று இத்தனை வருஷமும் அவன் அதை உள்ளே எடுக்கவில்லை. புளி போட்டு விளக்கி விளக்கி வைத்திருக்கிறான். பானையில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கிறான். மரத்தடியில் தங்கப்பழம் நிற்கிறார், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுகிறார். வேப்பமரம் வாசல் ஆகாது. வாசலிலிருந்து சொன்னால் மரத்தடிக்குக் கேட்கும், ஆனால் அது தெருவில் சொன்னதாகத்தான் ஆகும். இருவருக்கும் அது தெரியும். லிங்கத்துரை வாசல் விளக்கைப் போடுகிறான். அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தங்கப்பழம் திரும்பி நடக்கிறார்.

வீட்டில் பூங்கனி கேட்பாள், "என்ன, இன்னைக்காவது சொன்னானா?"

"இல்ல" என்பார் தங்கப்பழம், கை கால் கழுவிக்கொண்டே. "இன்னும் தரணும்."